ஞாயிற்றுக்கிழமை மூன்று பன்னிரண்டு

மெக்கானிக்கின் செல்போனை வாங்கிச் சமையலறை மேடையில் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்த பிறகுதான் டீச்சர் கம்ப்யூட்டர் அறையின் பூட்டைத் திறந்தாள்.

"சாவிக்கொத்தையும் அங்கேயே வைங்க."

"அது வண்டிச் சாவி டீச்சர்."

"அதுல தொங்குதே, அது என்ன? பென் டிரைவா?"

"சோடா பாட்டில் திறக்கறது."

டீச்சர் அதை வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சோடா பாட்டில் திறக்கிறதுதான். இருந்தாலும் தட்டில் போட்டாள். மெக்கானிக் ஐம்பதைத் தாண்டிய கனத்த மனிதர். இருபது வருஷமாக ஊர்க் கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டுகிறவர். மனிதர்களிடம் பேசுவதைவிட இயந்திரங்களிடம் அதிகம் பேசுகிறவர். விமான நிலையத்தில்கூட இவ்வளவு சோதனை கிடையாது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். புது ஹார்ட் டிஸ்க் இருந்த பொட்டலத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

டீச்சர் குணத்தில் கெட்டவள் இல்லை. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ரகம், அவ்வளவுதான். உயர்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறாள். அதில் கடைசி ஒன்பது வருஷமாக, பள்ளி இறுதித் தேர்வின் இயற்பியல் கேள்வித்தாளைத் தயாரிக்கும் பொறுப்பு அவளுடையது. யார் தயாரிக்கிறார்கள் என்பது வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. வீட்டில் மட்டும் தெரியும். அறையைச் சாத்திக்கொண்டு இரண்டு மாதம் தட்டச்சு செய்கிற பெண் என்ன கோலமா போடுகிறாள்?

மூன்று தாள்கள். மூன்றும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வியாழக்கிழமை காலை அது டிக் டிக் டிக் என்று பல்லைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டது. திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தாள்களை உறையிலிட்டு முத்திரை வைத்துத் தேர்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு உறுதிமொழி: இத்தாள்களை என்னைத் தவிர வேறு எவரும் பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து. இந்த வருஷம் கை வராது. ஏன் வராது என்பதுதான் மூன்று வாரமாக அவள் நெஞ்சைக் குடைந்துகொண்டிருந்த விஷயம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளும் கணவரும் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பினார்கள். மறுநாள் காலை முதல்முறையாக, பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே புத்தியோடு, மூன்றாம் தாளின் விவரத்தைத் திறந்து பார்த்தாள். உருவாக்கிய நாள் சரி. மாற்றிய நாள் சரி. கடைசியாகத் திறந்த நேரம்: ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று பன்னிரண்டு.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள். பாப்பா.

பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. டீச்சரின் நாத்தனார்; கணவரின் ஒரே தங்கை. பிறந்தபோது அண்ணன் வைத்த செல்லப்பெயர் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை. கட்டியவனோடு ஒத்துவராமல் பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தவள், ஒரு மாதம் சும்மா இருந்தாள். பிறகு மாடி அறையில் ஒரு கரும்பலகையை மாட்டி ட்யூஷன் தொடங்கினாள். யாரிடமும் கை நீட்டாமல் தலை நிமிர்ந்து நடக்கிறாள் என்றால் அந்த மாடி அறையால்தான். அவள் நடத்துவதும் இயற்பியல். அவளிடம் படிக்கிற பதினோரு பேரும் எழுதப் போவது அதே பள்ளி இறுதித் தேர்வு.

இப்போது புரிகிறதா டீச்சரின் தூக்கம் ஏன் போயிற்று என்று?

பாப்பா அவ்வப்போது கீழே வந்து அந்தக் கம்ப்யூட்டரில் பயிற்சித் தாள்களை அச்செடுத்துக்கொள்வாள். அதற்கு யாரும் தடை சொன்னதில்லை. கம்ப்யூட்டரை அணைக்கும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. அணைத்து அணைத்துப் போட்டால் ஆயுசு குறையும் என்பது டீச்சரின் கணவர் கண்டுபிடித்த தத்துவம். ஆக இயந்திரம் விழித்திருக்கிறது, வீடு காலி, பாப்பா தனியாக. வேறென்ன வேண்டும்?

டீச்சர் கணவரிடம் சொல்லவில்லை. தங்கை என்றால் அவருக்கு உயிர். சொன்னால் சிரிப்பார், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார். அன்றே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்து அறையைப் பூட்டினாள். சாவி கைப்பையில், கைப்பை இரவில் தலையணைக்கு அடியில். கம்ப்யூட்டரில் அந்தத் தாளின் கோப்பை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை. திறந்தால் நேரம் மாறிவிடும், சாட்சி அழிந்துவிடும்.

பூட்டைப் பார்த்த பாப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பயிற்சித் தாள்களைத் தெருக்கோடிக் கடைக்குக் கொண்டுபோய் அச்செடுத்து வந்தாள். "ஏன் அண்ணி பூட்டு?" என்று கேட்டிருந்தால் டீச்சரும் நாலு வார்த்தை பேசிச் சண்டை போட்டிருப்பாள், சமாதானமும் ஆகியிருப்பாள். கேட்காததால் சந்தேகம் இன்னும் இரண்டு சுற்றுப் பெருத்தது. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் ஏன் பயம்?

அதன் பிறகு காதுக்கும் வேலை வந்தது. மாலையில் மாடிப்படிக்குக் கீழே துணி மடிக்கிற சாக்கில் நின்று ட்யூஷனைக் கேட்டாள். ஒருநாள் பாப்பா லென்ஸ் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் தாளில் முப்பத்தோராவது கேள்வி லென்ஸ்! டீச்சரின் கையிலிருந்த தலையணை உறை நழுவி விழுந்தது. இயற்பியல் ட்யூஷனில் லென்ஸ் வராமல் இலக்கணமா வரும் என்று யோசிக்கிற நிலையைத் தாண்டியிருந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அன்று உட்கார்ந்து தேர்வுக் குழுவுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். தாள் வெளியே போயிருக்கிறது, இன்ன நாள், இன்ன நேரம், பார்த்தவர் இன்னார். அந்தக் கடிதம் போனால் மூன்று தாளும் ரத்து. டீச்சரின் பொறுப்பு பறிபோகும். பாப்பாவின் மாடி அறை மூடப்படும். அவளை விசாரணைக்கு அழைப்பார்கள். கேள்வித்தாள் திருடியவளிடம் எந்த அப்பன் பிள்ளையை அனுப்புவான்? இதெல்லாம் தெரிந்துதான் எழுதினாள். எழுதி ஒட்டாமல் வைத்திருந்தாள். அந்த நேரத்தைத் திரையில் கணவருக்குக் காட்டிவிட்டு அனுப்பலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் டிஸ்க் செத்தது.

"அதுக்கு வயசாயிடுச்சும்மா" என்றார் கணவர்.

வயசாவது ஒன்றாவது! சாட்சி இருந்த டிஸ்க் சரியாகச் சமர்ப்பிக்க நாலு நாள் இருக்கும்போது சாகிறதென்றால் அது தற்செயலா? பூட்டிய அறைக்குள் பாப்பா எப்படிப் போனாள் என்று டீச்சரிடம் கேட்டால் பதில் இல்லைதான். சந்தேகம் உள்ளே போவதற்குச் சாவி எதற்கு?

ஆகவே இந்தச் சனிக்கிழமை காலை மெக்கானிக்கிடம் அவள் எதிர்பார்த்தது இரண்டு. ஒன்று தாள்கள். இன்னொன்று அந்த நேரம்.

"பேக்கப்புலேர்ந்து எடுத்துப் போடும்போது ஃபைல் தேதி எல்லாம் அப்படியே வருமா?"

"எல்லாம் வரும் டீச்சர். தேதி, நேரம், நீங்க மாட்டி வெச்ச படம் எல்லாமே. ஆளுக்கு ஒடம்பு மாத்தற மாதிரி. உயிர் அதேதான்."

மேசைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி வருஷக்கணக்காகத் தூசி படிந்து கிடந்தது. அதில் கம்ப்யூட்டரின் நகல் இருக்கிறது என்று கணவர் எப்போதோ சொல்லியிருந்தார். டீச்சர் அதைத் துடைக்கக்கூடத் தொட்டதில்லை. மெக்கானிக் அதை எடுத்து ஊதினார். செத்துப்போன டிஸ்க்கைக் கழற்றி, "போய்ட்டு வாடா ராசா" என்று மேசையில் வைத்தார். டீச்சர் அதை உடனே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். செத்ததாக இருந்தாலும் உள்ளே தாள் இருக்கிறதே.

புதியதை மாட்டி, பெட்டியை இணைத்து, மெக்கானிக் திரையில் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இங்கதான் டீச்சர் ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும். மேல இருக்கறது எங்கேர்ந்து எடுக்கணும்னு. கீழ இருக்கறது எங்க போடணும்னு. மாத்திக் குடுத்தோம்னா காலி டிஸ்க்கைக் கொண்டுபோய் நெறஞ்ச பெட்டி மேல போட்டுடும். அப்பறம் சாமி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்களே சத்தமா படிங்க."

டீச்சர் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைத் திரையில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டாள். வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்துவிட்டு, "தவறிப்போச்சு" என்பதற்கு பாப்பா இவருக்கு ஏதாவது சொல்லி வைத்திருந்தால்? இந்த மெக்கானிக்கின் பெயரைச் சொன்னதே பாப்பாதானே! மூன்றாவது முறையும் படித்துவிட்டு, "போடுங்க" என்றாள்.

திரையில் ஒரு நீலக் கோடு முளைத்தது. மீதி நேரம் நாலு மணி என்று காட்டியது. கொஞ்சம் பொறுத்து ஆறு மணி என்றது. பிறகு இரண்டு மணி நாற்பது நிமிடம் என்றது.

"என்னங்க இது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம?"

"அது கண்டக்டர் சொல்ற மாதிரி டீச்சர். 'இதோ வந்துட்டுது'ம்பான். வரும்போதுதான் வரும்."

டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. மதியச் சாப்பாட்டைக் கணவர் தட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒருமுறை எழுந்தே ஆக வேண்டியிருந்தது. அப்போது கணவரை அதே நாற்காலியில் உட்கார வைத்து, "அவர் கைல ஒரு கண்ணு, கதவுல ஒரு கண்ணு" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கணவர் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிவாக்கில் கதவருகே பாப்பாவின் குரல் கேட்டது. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, சரியாயிடுமா?"

"பாக்கலாம்."

"பழசு எல்லாமே வந்துடுமா?"

டீச்சர் சட்டென்று திரும்பினாள். "ஏன் கேக்கற?"

"இல்ல, சும்மாதான். என் பசங்களோட ப்ராக்டிஸ் ஷீட் எல்லாம் அதுலதான் கெடக்கு. வந்தா நல்லாருக்கும்னு."

"வரும். எல்லாமே வரும். ஒண்ணு விடாம வரும்."

பாப்பா "சரி அண்ணி" என்று படியேறிப் போனாள். அந்த 'சரி'யை டீச்சர் மனசுக்குள் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பயந்துவிட்டாள், சந்தேகமே இல்லை.

மூன்றே முக்காலுக்கு நீலக் கோடு நிறைந்தது. மெக்கானிக் ஒரு பட்டனை அழுத்தினார். இயந்திரம் முனகியது, இருண்டது, மறுபடி வெளிச்சம் வந்தது. திரையில் டீச்சர் எப்போதோ மாட்டிவைத்த மலைப் படம். அதன்மேல் அவளுடைய கோப்புகள், அவள் விட்ட இடத்தில், விட்டபடியே.

"வாடா கண்ணு" என்றார் மெக்கானிக்.

"கொஞ்சம் சுவர் பக்கம் திரும்பி உக்காருங்க."

அவர் மறுபேச்சில்லாமல் நாற்காலியோடு திரும்பிக்கொண்டார். டீச்சர் தாள்கள் இருந்த கோப்புறையைத் திறந்தாள். முதல் தாள் இருந்தது. இரண்டாம் தாள் இருந்தது. மூன்றாவதும் இருந்தது. இரண்டு மாத உழைப்பு! நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். பிறகு மூன்றாம் தாளின் விவரத்தைத் திறந்தாள்.

கடைசியாகத் திறந்த நேரம்: ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று பன்னிரண்டு.

ஆனால் தேதி அதுவல்ல. மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு அல்ல. போன ஞாயிறு.

போன ஞாயிறு அறை பூட்டிக் கிடந்தது. சாவி தலையணைக்கு அடியில் இருந்தது. அந்தத் தலையணையில் தலை வைத்து அவள் மதியம் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால்? நிதானமான ஆள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருப்பான். பூட்டிய அறைக்குள் யாரும் போகவில்லை, ஆனாலும் கோப்பு திறந்திருக்கிறது, அதுவும் அதே நிமிஷத்தில் என்றால் கணக்கில் எங்கோ இடிக்கிறதே என்று யோசித்திருப்பான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. டீச்சருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: கள்ளச்சாவி! அவள் தூங்குகிற நேரம் பார்த்து, கடிகாரம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அலமாரியிலிருந்து கடிதத்தை எடுத்து, ஓரத்து நாற்காலியில் மறுபடி தூங்கிப்போயிருந்த கணவரின் மடியில் போட்டாள். "எந்திரிங்க. உங்க தங்கச்சி பண்ணியிருக்கற காரியத்தப் படிங்க." அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்வதற்குள் டீச்சர் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள்.

நாலு மணி வகுப்புக்கு மாணவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா சாக்பீஸும் கையுமாகக் கரும்பலகை முன் நின்றாள்.

"சாவி எங்க?"

"எந்தச் சாவி அண்ணி?"

"நடிக்காத பாப்பா. கீழ் ரூமுக்கு நீ அடிச்சு வெச்சிருக்கற கள்ளச்சாவி. போன ஞாயித்துக்கிழமை மூணு பன்னண்டு. அதுக்கு முன்னாடியும் மூணு பன்னண்டு. திருடறதுக்குக்கூட டைம்டேபிளா? ஒரே வீட்ல சோறு தின்னுக்கிட்டு என் கேள்வித்தாளையா எடுத்து இந்தப் பசங்களுக்குக் குடுத்த?"

பாப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கத் தொடங்கியபோது அவள் பார்வை அண்ணியிடமிருந்து மாணவர்களிடம் போய், மறுபடி அண்ணியிடம் வந்தது. பூட்டு எதற்கு வந்தது, அண்ணி ஏன் மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை, படிக்கட்டடியில் அத்தனை துணி ஏன் மடிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாக அவளுக்குள் விழுவது முகத்தில் தெரிந்தது. அழுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். கத்துவாள் என்றும் எதிர்பார்த்தாள்.

"பசங்களா," என்றாள் பாப்பா, "இன்னைக்கு க்ளாஸ் இல்ல. நோட்ட எடுத்துட்டுக் கெளம்புங்க."

டீச்சர் வெற்றியோடு கீழே இறங்கினாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லையே, அதுவே ஒப்புதல்! கணவர் அறையில் நின்றபடி கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் தூக்குவதுபோல ஒரு கையைத் தூக்கினார்.

"டீச்சர், திரும்பலாமா?"

"திரும்புங்க. நீங்களும் பாருங்க. இந்த மணியப் பாருங்க!"

அவர் பார்த்தார். "மூணு பன்னண்டு. சரி. மத்த ஃபைலு?"

"மத்த ஃபைலுக்கென்ன?"

"இல்ல, ஒண்ணே ஒண்ணத்தான பாத்தீங்க?" அவர் கை நீட்டி மவுஸை நகர்த்தினார். கோப்புகள் வரிசையாக விரிந்தன; ஒவ்வொன்றின் எதிரிலும் கடைசியாகத் திறந்த நேரம். முதல் தாள், மூன்று பன்னிரண்டு. இரண்டாம் தாள், மூன்று பன்னிரண்டு. பாப்பாவின் பயிற்சித் தாள்கள், மூன்று பதினொன்று. கணவர் எட்டு வருஷத்துக்கு முன் எழுதி அனுப்பாமல் விட்ட ஒரு புகார்க் கடிதம், மூன்று பத்து. யாரும் வருஷக்கணக்காகத் தொடாத சுற்றுலாப் படங்கள் நானூறு, மூன்று பதின்மூன்று. எல்லாம் போன ஞாயிறு.

"ஒரு நிமிஷத்துல நானூறு படத்தத் தொறந்து பாக்க மனுஷனால முடியுமா டீச்சர்? இது பேக்கப் ப்ரோக்ராம். வாரத்துக்கு ஒரு தடவ ஒவ்வொரு ஃபைலையும் தொறந்து, படிச்சு, பெட்டில காப்பி வெச்சிருக்கு. யாரு இத செட் பண்ணது?"

"நான்தான்" என்றார் கணவர். கடிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலு வருஷம் முன்னாடி. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு. அந்த நேரம் எல்லாரும் தூங்குவோம், யாருக்கும் தொந்தரவு இருக்காதுன்னு."

"நல்ல வேலை பண்ணீங்க சார். அது இல்லேன்னா இன்னைக்கு ஒரு எழுத்துகூடத் திரும்பி வந்திருக்காது."

மூன்று வாரமாக அவள் தேடிய திருடன் மேசைக்குப் பின்னால் தூசியில் உட்கார்ந்து அவளுடைய தாளைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். தாளை யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். அந்த நிம்மதி வர வேண்டிய இடத்தில் வெட்கம் வந்து நின்றது. தாளைத் தயாரிப்பது யார் என்ற ரகசியத்தைப் பதினோரு பேர் முன் உடைத்ததும் அவள் வாய்தான். இருபத்தெட்டு வருஷமாக ஆய்வகத்தில் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதி எழுதிக் கை தேய்ந்த வாக்கியம்: ஒரே ஒரு அளவீட்டை வைத்து முடிவு எழுதாதே. அவள் எடுத்தது ஒரே ஒரு அளவீடு. பக்கத்துக் கோப்பை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லை என்பதுதான் இன்னும் உண்மை.

கணவர் கடிதத்தை மடித்தார். "பாப்பாவோட முழுப் பேரையும் எழுதியிருக்க" என்றார். "நாப்பத்து மூணு வருஷத்துல இந்த வீட்ல யாருமே அவள அப்பிடிக் கூப்பிட்டதில்ல." கடிதத்தை நாலாகக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மாடிப்படி பதினெட்டு. கால் மணிக்கு முன் ஏறியபோது நாலு படி போலத் தெரிந்தது.

பாப்பா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தாள்.

"பாப்பா, தப்பு நடந்துடுச்சு. அது பேக்கப். உங்கண்ணன் வெச்சது. அதுதான் தானா தொறந்திருக்கு. நான் என்னமோ நெனச்சுக்கிட்டு..."

பாப்பா டஸ்டரைத் தட்டிவிட்டு மறுபடி துடைத்தாள்.

"என்ன மன்னிச்சுடு பாப்பா."

"மூணு வாரமா மனசுல வெச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"நான் பூட்டப் பாத்தேன். கேள்வித்தாள் இருக்கு, பூட்டறதுதான் சரின்னு நெனச்சேன். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் கேக்கல." டஸ்டரைக் கீழே வைத்தாள். "ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே அண்ணி. ஊர்ப் பசங்களுக்கெல்லாம் கேள்வி எழுதறீங்க. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்க வாய் வரலையா?"

"என்ன வேணா சொல்லு, கேட்டுக்கறேன்."

"நான் சொல்ல ஒண்ணும் இல்ல. சொல்ல வேண்டியது நீங்க. பசங்க முன்னாடி சொன்னத பசங்க முன்னாடியே எடுத்துடுங்க. எங்கிட்ட தனியா மன்னிப்புக் கேட்டு என்ன பிரயோஜனம்? நாளைக்கு அவங்க வீட்ல சொல்லுவாங்க, நாளன்னைக்குத் தெருவே சொல்லும்." ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இன்னும் கீழதான் நிக்கறாங்க. கூப்புடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல டீச்சருக்கு ஆசையாக இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன், கடிதமாக எழுதிக் கொடுக்கிறேன், எதையாவது சொல்லி அந்த அறையை விட்டு ஓட ஆசையாக இருந்தது. "கூப்பிடு" என்றாள்.

பதினோரு பேரும் ஏறி வந்தார்கள். உட்காரச் சொல்லும்வரை நின்றார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முன் நின்று பேசியவளுக்குப் பதினோரு பேர் முன் முதல் வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி நான் இங்க வந்து சொன்னது பொய்" என்றாள். "உங்க மிஸ் கேள்வித்தாள எடுக்கல. பாக்கவே இல்ல. கள்ளச்சாவி எதுவும் இல்ல. கம்ப்யூட்டர் தானா செஞ்ச ஒரு வேலைய, சரியா பாக்காம, நான் அவங்க மேல போட்டேன். தப்பு முழுக்க என்னோடது. இத உங்க வீட்லயும் இப்படியே சொல்லுங்க."

முன் வரிசையில், பெரிய கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி எழுந்தாள். நோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மிஸ், அப்ப நாங்க அத வாங்கிப் படிச்சோம்னு நெனச்சீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். டீச்சர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "நெனச்சேன்."

"எனக்கு அது தேவைப்படாது மிஸ். நான் நல்லாவே படிப்பேன்."

"தெரியும்மா" என்று சொல்ல வாயெடுத்தாள் டீச்சர். தெரியாது. இரண்டு வருஷமாக வாரத்தில் நாலு நாள் தன் வீட்டுப் படியேறிப் போகிற பிள்ளை. அவளைத் திருடி என்று முடிவு கட்டும் அளவுக்கு நினைத்தாயிற்று, ஆனால் அவள் யார் வீட்டுப் பெண், என்ன படிக்க ஆசைப்படுகிறாள், ஒன்றும் தெரியாது.

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள். இந்த வீட்டில் மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் மனசாரக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அந்தப் பெண் நோட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.